சென்னையின் எஃப்சியோட ரெண்டு கப்புல எது பெருசு? அடிக்கடி கேக்குற கேள்விங்க

நமக்கு ஊரு குமரி மாவட்டத்துல தூத்தூர் பக்கத்துக் கடப்புறம். ஆழ்கடல் போட்டுல வேலை, கரையில நிக்கிற நாள்ல சாயங்காலம் ஊரு கிரவுண்டுல சின்னப் பயலுவளுக்குப் பந்து சொல்லிக் குடுப்பேன். எங்கூர்ல கிரிக்கெட் மட்டைய விட கால்பந்து தான் வீட்டுக்கு வீடு கெடக்கும், அதனால ஐஎஸ்எல்னு சொல்ற இந்தியன் சூப்பர் லீக் சீசன் தொடங்கினா சாயாக்கடையில ஆரம்பிச்சு சர்ச்சு முற்றம் வரைக்கும் இதே பேச்சு தான். அதுல சென்னை டீமான சென்னையின் எஃப்சி ரெண்டு தடவை சாம்பியன் ஆயிருக்கு, 2015ல ஒண்ணு, 2018ல ஒண்ணு. எது பெருசுன்னு பயலுவ கேட்டுக்கிட்டே இருக்கானுவ, ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

நேராச் சொல்லுங்கண்ணே, எந்தக் கப்பு?

2018. மார்ச் 17, பெங்களூரு ஸ்ரீகண்டீரவா ஸ்டேடியம், பெங்களூரு எஃப்சிய அவங்க கிரவுண்டுலயே 3-2னு அடிச்சது. 2015 தான்னு சொல்றவங்க நெறைய பேரு, அவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல, அதையும் கீழ எழுதியிருக்கேன்.

2015ல என்ன தான் நடந்துச்சு? நான் அப்போ சின்னப் பையன்.

அது ஒரு பைத்தியம் புடிச்ச சீசன் மக்கா. கோச்சு மாட்டராசி, 2006 உலகக்கோப்பை பைனல்ல ஜிதான்கிட்ட நெஞ்சுல தலையால முட்டு வாங்குனாரே அந்த இத்தாலிக்காரரு. மொத்தம் 14 லீக் மேட்ச், அதுல முதல் 10 மேட்ச் முடிஞ்சப்ப நம்ம டீம் கையில 10 பாயிண்டு தான், டேபிள்ல அடியில கெடந்துது. இனி ஒண்ணும் இல்லன்னு எல்லாரும் விட்டாச்சு. அப்புறம் மிச்சம் இருந்த 4 மேட்சையும் வரிசையா ஜெயிச்சு 22 பாயிண்டோட மூணாவது இடம், செமிபைனல்.

அந்த நேரம் பாத்து தான் டிசம்பர் தொடக்கத்துல சென்னையில வெள்ளம் வந்துது. ஊரே தண்ணிக்குள்ள. சொந்த ஊர்ல செமிபைனல் ஆட முடியாம மேட்ச புனேக்கு மாத்துனாங்க. நடப்புச் சாம்பியன் கொல்கத்தாவ அங்க வச்சு 3-0, அப்புறம் கொல்கத்தா போயி 2-1னு தோத்தும் மொத்தக் கணக்குல 4-2.

பைனல் டிசம்பர் 20, ஞாயித்துக்கிழமை, கோவாவுல ஃபட்டோர்டா ஸ்டேடியம், எதிராளி எஃப்சி கோவா. நான் அப்போ கொச்சி தோப்பும்படி ஹார்பர்ல. போட்டு கரை புடிச்சு மீன் எறக்கியாச்சு, கிறிஸ்மசுக்கு ஊருக்குக் கெளம்பணும், பேக்கும் தோளுமா ஒரு சாயாக்கடையில நின்னுக்கிட்டே பாத்தேன். சுத்தி எல்லாம் மலையாளிங்க, எல்லாரும் கேரளா பிளாஸ்டர்ஸ் டீம் பக்கம், அதனால எல்லாரும் அன்னைக்கு கோவா பக்கம். 54வது நிமிஷம் பெலிசாரி பெனால்டி அடிக்க கோவா கீப்பர் கட்டிமணி தடுத்துட்டாரு, திரும்பி வந்த பந்த பெலிசாரியே உள்ள தள்ளி 1-0. நாலு நிமிஷத்துல ஹாவோகிப் 1-1. அடுத்து நமக்கு இன்னொரு பெனால்டி, மெண்டோசா அடிக்கிறாரு, அதையும் கட்டிமணி தடுத்துட்டாரு. 87வது நிமிஷம் ஜோஃப்ரே ஃப்ரீகிக்ல 2-1 கோவா. கடைக்காரரு காசு எண்ணத் தொடங்கிட்டாரு, நானும் பேக்க எடுத்துட்டேன், அப்போ தான் 90வது நிமிஷம், ரெண்டு பெனால்டி தடுத்த அதே கட்டிமணி கையில பட்டு பந்து சொந்த வலைக்குள்ள போவுது, 2-2. மூச்சு விடுறதுக்குள்ள 92ல மெண்டோசா. 3-2. எதிர்ல நின்ன ஒரு சேட்டன் வந்து என் கையப் புடிச்சு குலுக்குனாரு, இந்த மேட்ச்ல யாருமே தோத்திருக்கக் கூடாதுன்னாரு. அந்தச் சீசன்ல மெண்டோசா 13 கோல், கோல்டன் பூட்டு, லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

இவ்வளவு சொல்லிட்டு, பின்ன ஏன் 2015 இல்ல?

நல்லா ஞாபகம் நிக்கிறதும் கிளப்புக்கு மாத்தத்தக் கொண்டு வர்றதும் வேற வேற. 2015 ரெண்டு நிமிஷத்துல வந்த கப்பு. அதுக்காக அதிர்ஷ்டம்னு சொல்லமாட்டேன், கடைசி நாலு லீக் மேட்ச ஜெயிச்ச டீம அப்படிச் சொன்னா பாவம். ஆனா அந்த டீம் மெண்டோசா மேல நின்ன டீம், மெண்டோசா இல்லாத 2016ல என்ன ஆச்சு, எட்டு டீம்ல ஏழாவது. 2015ல ஐஎஸ்எல்லே ஒரு ரெண்டரை மாசத் திருவிழா மாதிரி தான், அக்டோபர்ல கொடியேத்தி டிசம்பர்ல எறக்கிருவாங்க. ஆடுற 11 பேர்ல ஆறு பேரு வெளிநாட்டுக்காரங்களா இருக்கலாம். கப்பு ஜெயிச்சா ஏசியப் போட்டிக்கு எந்த வாசலும் தெறக்காது.

வெள்ளத்துல தவிச்ச சென்னைக்காரங்களுக்கு அந்தக் கப்பு என்னவா இருந்திருக்கும்னு எனக்குப் புரியும். சைதாப்பேட்டையிலயோ முடிச்சூர்லயோ இருக்கிற ஒருத்தர் 2015 தான்னு சொன்னா நான் வாயத் தெறக்கமாட்டேன்.

2018 பைனல்ல அப்படி என்ன விசேஷம்?

மொதல்ல எதிராளி. பெங்களூரு எஃப்சி அந்த வருஷம் தான் ஐஎஸ்எல்லுக்கு வந்துது, அதுக்கு முன்னாடியே ஐ-லீக்னு இருந்த இன்னொரு தேசிய லீக்ல ரெண்டு தடவை சாம்பியன், ஏசியக் கிளப்புங்க ஆடுற ஏஎஃப்சி கப்ல ஒரு தடவை பைனல் வரைக்கும் போன டீம். லீக்ல 18 மேட்ச்ல 40 பாயிண்டு, முதலிடம். ரெண்டாவது வந்த நம்மளுக்கு 32. எட்டு பாயிண்டு வித்தியாசம்னா சின்ன இடைவெளியா! சேத்ரி, மிக்கு ரெண்டு பேரும் கோல் அடிக்காத வாரம் கம்மி. மேட்சும் அவங்க சொந்த கிரவுண்டுல. 9வது நிமிஷமே சேத்ரி பாஞ்சு விழுந்து தலையால அடிச்சு 1-0. அந்தச் சத்தத்துல வேற டீமா இருந்தா உருண்டிருக்கும்.

இங்க தான் நான் கிரவுண்டுல பயலுவகிட்ட திரும்பத் திரும்பச் சொல்ற விசயம் வருது. கோச்சு ஜான் கிரகரி, முன்னாடி இங்கிலாந்துல ஆஸ்டன் வில்லாவுக்கு மேனேஜரா இருந்தவரு, அவரு கட்டுன டீம்ல மெண்டோசா மாதிரி ஒத்தை ஆளு கிடையாது. பின்னாடி மைல்சன் ஆல்வஸ், செரெனோ ரெண்டு பேரும் சுவரு, கோல் போஸ்ட்ல கரண்ஜித், முன்னால ஜெஜே, நடுவுல ரஃபேல் அகஸ்டோ. கோல் வாங்கின உடனே பதறி எல்லாரும் முன்னால ஓடல, கார்னருக்காகக் காத்திருந்தாங்க. 17வது நிமிஷம் நம்ம ஆட்டக்காரர் கிரகரி நெல்சன் கார்னர், மைல்சன் தலை, 1-1. 45வது நிமிஷம் அதே நெல்சன், அதே கார்னர், அதே மைல்சன் தலை, 2-1. ஒரே மேட்ச்ல ஒரு சென்டர் பேக் ரெண்டு தடவை ஒரே மாதிரி அடிக்கிறான்னா அது எத்தனை சாயங்காலம் ப்ராக்டிஸ் பண்ணினதுன்னு யோசிச்சுப் பாருங்க. 67ல ரஃபேல் வெளியில இருந்து ஒரு அடி, 3-1. மிக்கு 92ல ஒண்ணு போட்டாரு, ஆனா அதுக்குள்ள கதை முடிஞ்சாச்சு.

ரெண்டு பைனலும் 3-2 தான். 2015ல 90 நிமிஷம் ஆகப்போறப்ப பின்னால நின்னு கடைசியில எட்டிப் புடிச்சோம். 2018ல ஒரு கோல் வாங்கியும் நிதானமாத் திரும்பி வந்து, முன்னால போனதுக்கப்புறம் மேட்ச விடல, ஒரு கிளப்பு வளந்ததுக்கு இத விட வேற அடையாளம் எனக்குத் தெரியாது.

தனபால் கணேஷப் பத்தி ஏன் எப்பவும் பேசுறீங்க?

ஏன்னா அந்தச் சீசன்ல என் மனசுக்குப் புடிச்ச ஆளு அவரு. வியாசர்பாடிக்காரரு, நம்ம தமிழ்நாட்டுப் பையன், நடு மைதானத்துல பந்த புடுங்குற வேலை, யாரும் போட்டோ எடுக்காத வேலை. 2017 டிசம்பர் 17, லீக் மேட்ச், இதே பெங்களூரு கிரவுண்டு. ஜெஜே 5வது நிமிஷம் போட்டாரு, 85ல சேத்ரி சமன் பண்ணிட்டாரு, சரி டிரான்னு நினைச்சோம், 88ல தனபால் கணேஷ் கோல், 2-1. மூணு மாசம் கழிச்சு பைனல்ல அங்க போயி பயப்படாம ஆடுனதுக்கு விதை அந்த 88வது நிமிஷத்துல தான் விழுந்துதுன்னு நான் நினைக்கேன். அப்புறம் செமிபைனல், கோவாவுக்கு எதிரா, அங்க 1-1, இங்க சென்னையில 3-0, ஜெஜே ரெண்டு, மூணுல ஒண்ணு தனபால்.

சென்னைங்கிற பேர வச்சிருக்கிற ஒரு டீம், பெரிய மேட்ச்ல சென்னைக்காரன் கோல் அடிச்சு ஜெயிக்குது. எங்க கிரவுண்டுல அதுக்கு முன்னாடி எல்லாப் பயலுக்கும் மெஸ்ஸி இல்லன்னா ரொனால்டோ தான், அந்த வருஷம் ஒரு சின்னப் பய வந்து அண்ணே நான் கணேஷ் இடத்துல ஆடுறேன்னு கேட்டான். டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரா ஆடுறேன்னு ஒரு பத்து வயசுப் பய தானா வந்து கேக்குறது லேசுல நடக்காது.

ஒக்கி புயலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்லுவீங்களாமே?

கிளப்புக்குச் சம்பந்தம் இல்ல. எனக்கு இருக்கு. இதை வாதமா வைக்கமாட்டேன், ஆனா கேட்டதால சொல்றேன்.

2017 நவம்பர் 30 ஒக்கி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, இந்த வரிசை ஊருங்கள்ல ஆளு திரும்பாத தெரு இல்ல. எங்க போட்டு எஞ்சின் வேலைக்காக கரையில நின்னுது, அதனால நான் இருக்கேன். எங்கூரு டீம்ல இடது பேக் ஆடுன என் கூட்டுக்காரன் வரல. உடம்பும் கிடைக்கல. அந்த டிசம்பர்ல நட்சத்திரம் கட்டல, குடில் வைக்கல, கிரவுண்டுல ஒருத்தனும் எறங்கல, தேங்காய் மட்டையும் ஓலையும் விழுந்தது விழுந்த மாதிரியே கெடந்துது. நான் சொன்னேனே டிசம்பர் 17 மேட்ச், அத நான் அன்னைக்குப் பாக்கல. அப்போ நாங்க இன்னும் ஆஸ்பத்திரி பிணவறைங்கள்ல அடையாளம் பாக்கப் போய்க்கிட்டு இருந்த நேரம். ரெம்ப நாள் கழிச்சு ஃபோன்ல தான் பாத்தேன்.

மார்ச் 17 சனிக்கிழமை, தவக்காலம். யாரும் பிளான் போடல, ஊரு நூலகத்து டிவிய ஒருத்தன் போட்டான், ஒவ்வொருத்தரா வந்து உக்காந்தாங்க. இடது பேக் வீட்டுத் தம்பியும் வந்தான், கதவுப் பக்கத்துல நின்னான். மைல்சன் ரெண்டாவது கோல் போட்டப்ப தான் அந்த ரூம்ல நாலு மாசத்துக்கப்புறம் சத்தம் கேட்டுது. ஜெயிச்சதும் தவக்காலம்னு வெடி போடல, பெரியவங்க மொகத்துக்காவும் போடல. மறுநாள் ஞாயிறு பூசை முடிஞ்சு பாத்தா பயலுவ கிரவுண்டுல கெடந்த மட்டைய ஒதுக்கிக்கிட்டு இருக்கானுவ.

ரெண்டு தடவையும் லீக்ல முதலிடம் வரலியே, அப்போ அது உண்மையான சாம்பியனா?

விதி அப்படி. அப்போ பைனல் ஜெயிக்கிறவன் தான் சாம்பியன், லீக்ல முதல் வர்றவனுக்கு ஷீல்டுன்னு தனியாக் குடுக்கத் தொடங்குனது 2019-20ல தான், அந்த ஷீல்டு சென்னையின் கையில இன்னும் வரல. ஐரோப்பாக்காரன் மாதிரி 38 மேட்ச் ஆடி முதல் வந்தா தான் சாம்பியன்னு நினைக்கிறவங்களுக்கு 2015 மூணாவது இடமும் 2018 ரெண்டாவது இடமும் உறுத்தத் தான் செய்யும். ஆனா அந்தக் கணக்குல பாத்தாலும் 2018 தான் மேல நிக்குது.

ஏசியா விசயம் என்ன? அது இவ்வளவு முக்கியமா?

முக்கியம். 2017-18ல தான் ஐஎஸ்எல்லுக்கு ஏசியக் கூட்டமைப்போட அங்கீகாரம் கிடைச்சுது. டீம் எட்டுல இருந்து பத்தாச்சு, மேட்ச் 14ல இருந்து 18 ஆச்சு, 11 பேர்ல ஆறு இந்தியராவது இருக்கணும்னு ஆச்சு, சாம்பியனுக்கு ஏஎஃப்சி கப்ல இடம்னு ஆச்சு. அப்படி ஐஎஸ்எல் சாம்பியனாப் போன முதல் டீம் நம்ம டீம். 2019ல கொழும்பு எஃப்சியத் தாண்டி குரூப்புக்குள்ள போயி டாக்கா அபஹானி, நேபாளத்து மனாங் மர்ஸ்யாங்டி, நம்ம நாட்டு மினெர்வா பஞ்சாப் கூட ஆடுனாங்க. குரூப் தாண்டல. இருந்தாலும் 2015 கப்பு அலமாரியில போயி உக்காந்துது, 2018 கப்பு டீம கடல் தாண்டிக் கூட்டிக்கிட்டுப் போச்சு.

சரி, ஆனா 2018க்கு அடுத்த சீசன்லயே கடைசி இடம் வந்தாங்களே? பின்ன என்ன வளர்ச்சி?

இது நியாயமான கேள்வி, என்கிட்ட இதுக்கு முழுசா பதில் இல்ல. 2018-19ல 18 மேட்ச்ல 2 ஜெயிப்பு, 9 பாயிண்டு, பத்தாவது இடம். கையில கப்பு வச்சிருந்தவன் அப்படி விழுந்தது ரெம்ப வலிச்சுது. நான் சொல்றது ஒண்ணு தான், அதே வருஷம் ஏஎஃப்சி கப் ஆடுனாங்க, சூப்பர் கப் பைனல் வரைக்கும் போயி கோவாகிட்ட 2-1 தோத்தாங்க, அடுத்த சீசன்ல நடுவுல ஓவன் காயில் கோச்சா வந்து மறுபடியும் ஐஎஸ்எல் பைனல். 2016ல விழுந்தப்ப இப்படி உடனே எழும்புறதுக்கு டீம்ல ஒரு எலும்புக்கூடு இருந்ததில்ல, தாப்பா, ஜெர்ரி மாதிரி பயலுவ 2018ல இருந்து கூட நின்னது இதுக்கு ஒரு காரணம்.

நம்ம பக்கம் பாதிப்பேரு கேரளா பிளாஸ்டர்ஸ் தானே, நீங்க மட்டும் என்ன சென்னையின்?

உண்மை தான். சென்னை இங்க இருந்து ராத்திரி முழுக்க அனந்தபுரி எக்ஸ்பிரஸ்ல உக்காரணும், திருவனந்தபுரம் பஸ்ஸு ஏறினா கொஞ்ச நேரம். நீரோடி தாண்டுனா பொழியூரு, கேரள சந்தோஷ் டிராஃபி டீமுக்கு ஆளு குடுத்துக்கிட்டே இருக்கிற ஊரு, கல்யாணமும் சாவும் ரெண்டு பக்கமும் தான். பயலுவ மஞ்சச் சட்டை போடுறதுல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

நான் சென்னையின் ஆனது 2014 செமிபைனல்ல. பிளாஸ்டர்ஸ்கிட்ட கொச்சியில 3-0 தோத்துட்டு வந்து சென்னையில 3-0னு ஈடு கட்டி, எக்ஸ்ட்ரா டைம்ல அவங்க பியர்சன் ஒரு கோல் போட்டு 4-3னு வெளிய தள்ளிட்டாங்க. எங்க போட்டுல இருந்த பிளாஸ்டர்ஸ்காரங்க எல்லாம் துள்ளுனாங்க, நான் மட்டும் அந்த நீலச் சட்டைக்காரங்க மூணு கோல் திருப்பி அடிச்சதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன், அப்படியே ஒட்டிக்கிச்சு.

சென்னை சிட்டி 2019ல ஐ-லீக் ஜெயிச்சது இதுல சேராதா?

சேராது, அது வேற கிளப்பு, கோயம்புத்தூர்ல ஆடுன டீம். 2019 மார்ச் 9, மினெர்வா பஞ்சாப 3-1 அடிச்சு 43 பாயிண்டு, ஈஸ்ட் பெங்கால் 42. ஒத்தப் பாயிண்டு! மான்சி பெனால்டில ஒண்ணு, டிஃபென்டர் கௌரவ் போரா ரெண்டு. தமிழ்நாட்டுக் கிளப்புங்க எல்லாத்துக்கும் சேத்து எது பெரிய வெற்றின்னு கேட்டா என் பதில் மாறலாம், ஏன்னா அது முழு லீக் ஜெயிச்ச பட்டம். அத தனியா ஒரு நாள் பேசுவோம்.

2020 பைனல்ல ஊர்ல யாரு பக்கம் நின்னீங்க?

கஷ்டமான நாளு அது. சென்னையின் எதிர்ல ஏடிகேங்கிற கொல்கத்தா டீம், அதுல மைக்கேல் சூசைராஜ், இரவிபுத்தன்துறைக்காரரு, நம்ம கடப்புறத்துல மணல்ல பந்து உருட்டி வளந்தவரு. மார்ச் 14, ஃபட்டோர்டா, கொரோனாவால ஆளில்லாத ஸ்டேடியம். ஏடிகே 3-1. நான் நீலச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்தேன், ஒவ்வொரு தடவை சூசைராஜ் கால்ல பந்து வந்தப்பவும் எழும்பி நின்னேன். தோத்ததுக்கு அழுகை வரல. நம்ம கடப்புறத்து ஆளு கழுத்துல மெடல் விழுந்தத எங்கம்மா கூட உக்காந்து பாத்துச்சு, அது வேற எந்த மேட்சும் முழுசாப் பாத்ததில்ல.

ரெண்டு பைனல்ல ஒண்ணு தான் பாக்க நேரம் இருக்குன்னா?

2015னா 85வது நிமிஷத்துல இருந்து போடுங்க, பத்து நிமிஷத்துல எல்லாம் கிடைச்சிரும். 2018அ முழுசா பாக்கணும், முடியலன்னா ஃபர்ஸ்ட் ஹாஃப் மட்டுமாவது. பந்தப் பாக்காதீங்க. நெல்சன் கார்னருக்கு கொடிகிட்ட நடந்து போறப்பவே மைல்சன் எங்க நிக்கிறாரு, யாரு முன்னால போறாரு, எப்போ ஓட ஆரம்பிக்கிறாருன்னு பாருங்க, 17ல ஒரு தடவை, 45ல ஒரு தடவை. பாத்துட்டு கிரவுண்டுக்கு வாங்க, சாயங்காலம் நாலரைக்கு அதே கார்னர் தான் பயலுவளுக்குப் போட்டுக்கிட்டு இருப்பேன்.